கீழ்த்தளத்துக்கு இறங்கி வராத ஒரு வரி

அனுப்புநர்
திருமதி ஹ. வைஷ்ணவி, பி.எஸ்சி.,
இளநிலை அலுவலர், சரக்கு ஆவணப் பிரிவு,
பெங்களூர் கிளை, சிவாஜிநகர்.
வீடு: ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் அஞ்சல், பெங்களூர் – 560 005.

பெறுநர்
உயர்திரு கோதண்டராமன் அவர்கள்,
தலைமை நிர்வாக அலுவலர் (பணியாளர் நலம்),
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: பெங்களூர் கிளையின் குழந்தைகள் காப்பகக் கணினி பழைய விவரங்களையே காட்டி வருவது – அதனால் என் மகளுக்கு நேர்ந்த ஆபத்து – வரும் திங்கட்கிழமை காலைக்குள் சரிசெய்து தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தலைமை அலுவலகத்தின் மின் சிக்கனச் சுற்றறிக்கை, மே 2004.
2. பெங்களூர் கிளைக் காப்பக நடைமுறை விதிகள்.
3. கணினிப் பிரிவுக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வை மூன்றில் கண்ட மின்னஞ்சல்களை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் "தங்கள் புகார் முடிக்கப்பட்டது" என்று கணினியே பதில் அனுப்பிவிட்டது. எந்த மனிதர் அதைப் படித்தார் என்று தெரியவில்லை. நலப்பிரிவுக்குத் தமிழிலும் மனு எழுதலாம் என்று எங்கள் அறிவிப்புப் பலகையில் இருப்பதால், தாங்கள் ஒருவர் உட்கார்ந்து படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கையால் எழுதுகிறேன். தபால் திங்கட்கிழமைக்குள் சேராது என்பதால் நாளைக் காலையில் தொலைநகலிலும் அனுப்புவேன். நடுவில் இரண்டொரு முறை எழுந்துபோய்க் குழந்தையின் மூச்சைப் பார்த்துவிட்டு வந்து தொடர்வதால் எங்காவது கோர்வை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. நான் இந்தக் கிளையில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சொந்த ஊர் வாணியம்பாடி. என் கணவர் ஹரிஷ்குமார் ஆனேக்கல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையில் இருக்கிறார். எங்கள் மகள் இளவேனிலுக்கு மூன்று வயது. எங்கள் இருவர் வீட்டாரும் இந்த ஊரில் இல்லை. கீழ்த்தளத்தில் காப்பகம் இருப்பதால்தான் நான் வேலையில் இருக்கிறேன். இதை நன்றியோடுதான் சொல்கிறேன். குறை சொல்வதற்கு முன் இதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

2. காப்பகத்தில் ஒரு விதி உண்டு. குழந்தைக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்பதைத் தாய்மார்கள் கணினியில் உள்ள பொது ஃபோல்டரில் "உணவு விவரம்" என்ற கோப்பில் எழுதிவிட வேண்டும். காப்பகப் பொறுப்பாளர் திரையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வாயால் சொல்வதை ஏற்கக் கூடாது. முன்பு ஒரு குழந்தையின் அம்மா முட்டை கொடுக்கச் சொல்ல, அப்பா வழிப் பாட்டி வந்து கொடுக்கவே கூடாது என்று சொல்ல, பெரிய தகராறாகி, அதற்குப் பிறகு வந்த விதி இது. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எழுதியது எழுதியதுதான், யாரும் மாற்றிச் சொல்ல முடியாது என்று நினைத்தோம்.

3. சென்ற ஜூலையில் வீட்டில் வேர்க்கடலைச் சட்னி தொட்டுத் தோசை சாப்பிட்ட இளவேனிலுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. மருத்துவர் இனி வேர்க்கடலை ஆகவே ஆகாது என்றார். மறுநாளே என் இருக்கையில் உட்கார்ந்து அவள் பெயருக்கு நேரே அதை எழுதினேன். மூடித் திரும்பத் திறந்தும் பார்த்தேன், வரி இருந்தது. அப்போது காப்பகத்தில் இருந்தவரிடம் வாயாலும் சொன்னேன். அவர் ஆகஸ்டில் வேலையை விட்டுவிட்டார். செப்டம்பரில் அவருடைய இடத்துக்கு ஜோசஃபின் வந்தார். அவரிடம் தனியாகச் சொல்லவில்லை. விதிதான் இருக்கிறதே, கணினி சொல்லும் என்று இருந்துவிட்டேன்.

4. இந்த மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழா நடந்த மறுநாள். கணக்குப் பிரிவு ரங்கநாதன் சார் ஆண்டுதோறும் ஒரு மூட்டை வாங்கி வந்து, உப்புப் போட்டு அவித்து எல்லா மாடிக்கும் கொடுப்பார். காப்பகத்துக்கும் ஒரு கிண்ணம் போனது. அவர்மேல் ஒரு குறையும் இல்லை, அன்பாகச் செய்வது. ஜோசஃபினும் எடுத்த எடுப்பில் கொடுத்துவிடவில்லை. குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துவிட்டு, திரையைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்திருக்கிறார். திரையில் "இளவேனில் – ஒவ்வாமை ஏதுமில்லை" என்று இருந்திருக்கிறது. தோலுரித்து, நசுக்கி ஊட்டியிருக்கிறார்.

5. இன்டர்காமில் கூப்பிட்டார்கள். நான் இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவள் உதடு வேறு யாருடைய உதடு மாதிரியோ இருந்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். குரல் அடைத்துப்போய், "அம்மா, வாய்க்குள்ள கடிக்குது" என்றாள். அதற்குப் பிறகு பேச வரவில்லை. ஆட்டோவில் காக்ஸ் டவுன் பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். ஜோசஃபினும் ஏறிக்கொண்டார். வழி நெடுக ஆட்டோக்காரரைக் கன்னடத்தில் "பேகா ஹோகி, பேகா ஹோகி" என்று விரட்டிக்கொண்டே வந்தார். ஊசி போட்ட பிறகு மூச்சு சீராயிற்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

6. மறுநாள் கிளை மேலாளர் திரு வெங்கடசுப்ரமணியன் அவர்கள் என்னை அழைத்தார். காப்பகக் கணினிக்கு முன் நிற்கவைத்துத் திரையைக் காட்டினார். "வைஷ்ணவி, உங்க பதட்டம் எனக்குப் புரியுது. நானும் ரெண்டு புள்ளை பெத்தவன்தான். ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றார். நான் அவரை மாடிக்கு அழைத்துப் போய் என் திரையைத் திறந்து காட்டினேன். அதே ஃபோல்டர், அதே கோப்பு, அதே பெயர். அங்கே ஜூலையில் நான் எழுதிய வரி இருந்தது. அவர், நேற்று நடந்ததற்குப் பிறகு நான் அதை எழுதியிருக்கலாம் அல்லவா என்று கேட்டார். குழந்தை நர்சிங் ஹோமில் இருந்தது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டேன்.

7. கணினிப் பிரிவின் திரு டிரேவர், பொது ஃபோல்டர் இருக்கும் மையக் கணினியான சர்வரில் பார்த்து, அந்த வரி ஜூலையில்தான் எழுதப்பட்டது என்று உறுதி செய்தார். அந்தச் சந்தேகம் வாய்ப்பேச்சில் தீர்ந்தது. ஆனால் விசாரணைக் குறிப்பில் "தாயார் உரிய முறையில் தெரிவிக்கத் தவறியுள்ளார்" என்ற வாக்கியம் இன்னும் இருப்பதாக அறிகிறேன். கூடவே, "பொறுப்பாளர் கவனக்குறைவு" என்று எழுதி ஜோசஃபினைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். விதிப்படி திரையைப் பார்த்துக் கொடுத்தவர் அவர். அந்தக் கவனக்குறைவுக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போடவில்லை. போடவும் மாட்டேன்.

8. டிரேவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இங்கே மின்வெட்டு அதிகம். நெட்வொர்க் போய்விட்டால் வேலை நிற்கக் கூடாது என்று சென்ற ஆண்டு ஒவ்வொரு கணினியும் பொது ஃபோல்டரின் நகல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். நெட்வொர்க் இல்லாதபோது கணினி அந்த நகலைக் காட்டும். எங்கள் ஆவணப் பிரிவுக்கு அது பெரிய உதவி. எத்தனையோ நாள் அதனால்தான் கப்பலுக்கு ஆவணம் நேரத்துக்குப் போனது. நெட்வொர்க் திரும்பி வந்து, சர்வரும் நகலும் ஒன்றுசேர்ந்தால் புதியது பழையதை மாற்றிவிடும். காப்பகக் கணினி ஒன்றுசேரவே இல்லை. அது தன்னிடம் இருந்த மே மாத நகலையே டிசம்பர் வரை காட்டிக்கொண்டிருந்தது. டிரேவர் வந்து ஒரு பட்டனை அழுத்தினார். வேர்க்கடலை வரி திரைக்கு வந்தது. "சிங்க் பண்ணிட்டேன் மேடம், இனிமே ப்ராப்ளம் இல்ல" என்றார். அன்று மாலையே புகார் முடிக்கப்பட்டது.

9. முடியவில்லை, ஐயா. அதற்காகத்தான் இந்த மனு. சென்ற திங்களன்று மருத்துவர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, எள்ளும் கூடாது, தெரியாமல் சாப்பிட்டு மூச்சு இரைத்தால், இனி எப்போதும் குழந்தையின் பையில் இருக்க வேண்டிய மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்றார். அன்றே அலுவலகம் வந்து என் இருக்கையிலிருந்து அதை எழுதினேன். மறுநாள் காலை காப்பகத்தில் பார்த்தால் வேர்க்கடலை இருக்கிறது, எள் இல்லை, மருந்து இல்லை. டிரேவரைக் கூப்பிட்டால் வந்து பட்டனை அழுத்துவார், சரியாகிவிடும். ஆனால் அதற்கடுத்து யாராவது எழுதுவது மறுபடி மாடியிலேயே நின்றுவிடும். இந்த முறை அழுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் சேரவில்லை என்று தெரியாமல் நான் எப்படிக் குழந்தையைக் கொண்டுவந்து விடுவேன்?

10. எனவே புதன்கிழமை, கணவரை விடுப்புப் போடச் சொல்லிக் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு, காப்பகம் திறப்பதிலிருந்து மூடுவது வரை அந்தக் கணினி அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜோசஃபினுக்குப் பதிலாகத் துப்புரவுப் பிரிவிலிருந்து பாஞ்சாலி என்பவரை அனுப்பியிருக்கிறார்கள். நல்ல பெண், குழந்தைகளின் பெயரே இன்னும் பழகவில்லை. என்னைப் பார்த்து, "இன்னாக்கா, எங்க மேல கேஸ் போடப் போறியா?" என்று கேட்டுவிட்டு டீ வாங்கி வந்து கொடுத்தார். நான் கண்டது இது:

காப்பகம் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. பாஞ்சாலி கணினியைப் போடுகிறார். அப்போது கணினிகளைச் சர்வரோடு இணைக்கும் நெட்வொர்க் பெட்டி அணைந்திருக்கிறது. டிரேவர் பத்து மணியை ஒட்டி வந்து, அறையைத் திறந்துதான் அதைப் போடுகிறார். கணினி நெட்வொர்க்கைத் தேடிப் பார்த்து, இல்லையென்று தன் நகலைக் காட்ட ஆரம்பிக்கிறது. திரையின் மூலையில் சிறியதாக ஓர் அறிவிப்பு வருகிறது. அது வருகைப் பதிவை மறைப்பதால் மூடிவிடுகிறார்கள். குழந்தைகளின் வருகையை அந்த நகலிலேயே எழுதுகிறார்கள். இப்படி அதில் ஏதாவது எழுதிவிட்டால், பிறகு நெட்வொர்க் வந்தாலும் அது தானாகத் திரும்பிச் சேராது என்கிறார் டிரேவர். யாராவது பட்டனை அழுத்த வேண்டும், அல்லது மாலையில் முறைப்படி கணினியை மூட வேண்டும். மூடும்போது அது தானே சேர்த்துக்கொள்ளும்.

மாலையில் யாரும் மூடுவதில்லை. காவலர் திரு ரெமிஜியஸ் வந்து சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கிறார். திரை அப்படியே கறுத்துவிடுகிறது. அவரிடம் கேட்டேன். "எனக்கு சர்க்குலர் இருக்கு மேடம். ஆறரைக்கு மேல ஒரு லைட்டு எரியக் கூடாது, ஒரு மிஷின் ஓடக் கூடாது. ஷட்டவுன்லாம் எனக்கு யாரும் சொல்லல, சுவிட்ச்சுன்னுதான் சொன்னாங்க" என்றார். மாடியில் இருக்கும் நாங்கள் கிளம்பும்போது அவரவர் கணினியை மூடிவிட்டுத்தான் போகிறோம். காப்பகத்தில் அந்த நேரத்தில் கடைசிக் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. மாடிக்குப் போய்ச் சர்வரில் காப்பக வருகைப் பதிவைத் திறந்தேன். டிரேவர் அழுத்திய நாளோடு அது நின்றிருந்தது. அன்றுவரை மே மாதத்தோடு நின்றிருந்ததாம். கீழே நாள் தவறாமல் எழுதியிருக்கிறார்கள்; மேலே யாரும் கேட்கவே இல்லை.

11. இரவில் நெட்வொர்க் பெட்டியை அணைப்பதும், ஆறரைக்குச் சுவிட்சை அணைப்பதும் பார்வை ஒன்றில் கண்ட சுற்றறிக்கையின்படி ஜூன் முதல் தேதியிலிருந்து நடந்து வருகின்றன. அந்தச் சுற்றறிக்கையில் தங்கள் கையொப்பம் இருக்கிறது. இதை எழுதலாமா கூடாதா என்று வெகுநேரம் யோசித்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. சென்னையில் உட்கார்ந்து அதை எழுதும்போது, இங்கே கீழ்த்தளத்தில் எட்டு மணிக்கு ஒரு கணினி தனியாக விழித்துக்கொள்ளும் என்று யாருக்கும் தோன்றியிருக்க முடியாது. ஆனால் டிரேவர், பெட்டியை இரவில் போட்டுவைக்கத் தனக்கு அதிகாரமில்லை என்கிறார். மேலாளர், தலைமை அலுவலகச் சுற்றறிக்கையை மீறத் தனக்கும் அதிகாரமில்லை என்கிறார். காவலருக்கு நிச்சயமாக இல்லை. அதிகாரம் உள்ளவர் தாங்கள் ஒருவரே என்பதால் தங்களிடம் வந்திருக்கிறேன்.

12. வேறு பாதுகாப்பான இடம் பார்க்கக் கூடாதா என்று மேலாளர் கேட்டார். பார்த்தோம். ஜீவனஹள்ளியில் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். மருத்துவர் சொன்னதைக் கேட்டதும், எங்களால் முடியாது, வேண்டாம் என்று கைகூப்பிவிட்டார்கள். என் விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. மிச்சம் இல்லை. அடுத்த மாதம் சங்கராந்தி வருகிறது. இந்த ஊரில் அன்று எந்த அலுவலகத்தில், எந்த வீட்டில் காலை வைத்தாலும் எள்ளும் வெல்லமும் வேர்க்கடலையும் கொப்பரையும் கலந்து, சிரித்த முகத்தோடு கையில் வைப்பார்கள். காப்பகத்துக்கும் ஒரு பொட்டலம் போகும். போகாமல் இராது. பாஞ்சாலி விதிப்படி திரையைப் பார்ப்பார். அந்தத் திரையில் இன்றைய தேதிக்கு எள் கூடாது என்ற வரி இல்லை.

ஆகவே, பின்வருவனவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

அ. காப்பகம் திறப்பதற்கு முன்பே நெட்வொர்க் பெட்டி இயங்க வேண்டும். இரவெல்லாம் ஓடினாலும், காலையில் யாராவது வந்து போட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

ஆ. காப்பகக் கணினியின் சுவிட்சைக் காவலர் அணைக்கக் கூடாது. காப்பகத்தில் இருப்பவர் முறைப்படி மூடிய பிறகே அணைக்க வேண்டும்.

இ. உணவு விவரக் கோப்புக்கு மட்டும் நகல் வைக்கும் வசதியை எடுத்துவிட வேண்டும். நெட்வொர்க் இல்லையென்றால் அந்தக் கோப்பு திறக்காமலே இருக்கட்டும். திறக்காவிட்டால் இன்டர்காமில் தாயைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பழையதைத் திறந்து காட்டினால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். டிரேவரிடம் கேட்டேன், அரைமணி நேர வேலை, உத்தரவுதான் வேண்டும் என்றார்.

ஈ. தாய் வாயால் சொல்வதையும் காப்பகத்தில் ஏற்க வேண்டும். பாட்டிமார் தகராறு வந்தால் அதை நாங்களே எங்களுக்குள் பார்த்துக்கொள்கிறோம்.

உ. ஜோசஃபினைத் திரும்ப அழைக்க வேண்டும். இளவேனிலின் உதடு தடித்தால் எப்படி இருக்கும், மூச்சு இரைத்தால் எப்படிக் கேட்கும் என்று அந்தக் கட்டடத்தில் கண்ணால் கண்டவர் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். திங்கட்கிழமை என் குழந்தை அருகில் இருக்க வேண்டியவர் அவர். வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

விசாரணைக் குறிப்பில் என்னைப் பற்றி உள்ள வாக்கியத்தையும் நீக்கக் கேட்க நினைத்திருந்தேன். அது பிறகு ஆகட்டும். மேலே உள்ளவை திங்கட்கிழமைக்கு வேண்டும்.

நான் பணிந்து நடப்பவள், ஐயா. இத்தனை ஆண்டுகளில் என்மேல் ஒரு குறிப்பாணைகூட இல்லை. எனவே என்ன செய்யப் போகிறேன் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுவது என் கடமை. திங்கட்கிழமை காலை காப்பகம் திறக்கும் நேரத்துக்கு இளவேனிலை அழைத்துக்கொண்டு வருவேன். கணினியைப் போட்டதும் அவள் பெயருக்கு நேரே பார்ப்பேன். எள்ளும் மருந்தும் அங்கே இருந்தால் குழந்தையை ஒப்படைத்துவிட்டு மாடிக்குப் போய் என் வேலையைப் பார்ப்பேன். இல்லையென்றால், அந்தச் சின்னப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில், அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எத்தனை நாளானாலும் அங்கேதான் இருப்பேன். அந்த நாட்களை ஊதியமில்லா விடுப்பாகக் குறித்துக்கொள்ளலாம். கீழ்ப்படியாமை என்று மட்டும் குறிக்க வேண்டாம் என மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஹ. வைஷ்ணவி

இடம்: பெங்களூர்
நாள்: 17.12.2004

இணைப்பு: மருத்துவர் அறிவுரையின் நகல்.
நகல்: கிளை மேலாளர் திரு வெங்கடசுப்ரமணியன் அவர்களுக்கு, அன்புடன் தகவலுக்காக.